சேலைக்கும் ஃபால்ஸ், குற்றாலத்துக்கும் ஃபால்ஸ்: இந்த ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தம்?

கேள்வி: தையல்கடை, தென்காசி

வணக்கம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். போன வருஷம் போர்டு புதிதாக எழுதக் கொடுத்தேன். பெயிண்டர் இடம் பத்தவில்லை என்று மேலே பெரிதாக "இங்கு ஃபால்ஸ்" என்றும், அதற்குக் கீழே பொடி எழுத்தில் "பீக்கோ செய்து தரப்படும்" என்றும் எழுதிவிட்டுப் போய்விட்டார். நானும் காசு கொடுத்தாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

ஜூனில் சாரல் பிடித்ததும் வினை தொடங்கியது. துண்டும் சோப்பு டப்பாவுமாக வேனை நிறுத்தி, "அக்கா, ஃபால்ஸ் இங்கதானா?" என்று இறங்குகிறார்கள். "இங்க இருக்கது நாலு இஞ்ச் ஃபால்ஸ்தான், குளிக்கணும்னா இன்னும் மூணு கிலோமீட்டர் போகணும்" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. ஒரு ஆள் மெஷினை எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி விழலியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இதை எழுதுவதற்குக் காரணம் என் மகள். ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டதும் கடையில்தான் உட்கார்ந்து எழுதுவாள். அவள் கேட்கிறாள்: "ஃபால்னா விழு. சரி. தண்ணி விழும். பொங்கல் எப்படிம்மா வெள்ளிக்கிழமை மேல விழும்? விலை எப்படி விழும்? அமெரிக்காவில ஒரு பருவத்துக்கே ஃபால்னு பேராமே?" போதாததற்கு 'ஃபெல்' வேறு. ஃபாலுக்கு இறந்தகாலம் ஃபெல் என்று மனப்பாடம் செய்தவள், பரீட்சையில் மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கும் ஃபெல் என்றே கண்டதும் குழம்பி, மார்க்கை விட்டுவிட்டு வந்துவிட்டாள். வகுப்பில் கேட்டால் அப்படியே மனப்பாடம் பண்ணு என்றார்களாம்.

நான் பத்தாவதோடு நின்றவள். இந்த அர்த்தமெல்லாம் ஒரே வேரிலிருந்து வந்ததா, வேறு வேறு சொல்லா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பேட்டை சைக்கிள்

அக்கா, முதலில் அந்த போர்டை மாற்றிவிடாதீர்கள், நல்ல விளம்பரம்.

உங்கள் கேள்விக்கு ஒரே வரியில் பதில்: ஃபால் என்பதே நம்ம 'விழு'தான். 'வி' ஃபா ஆயிற்று, 'ழு' அவர்கள் வாயில் வராமல் 'ல்' ஆயிற்று. மூலம் தமிழ். அவ்வளவுதான்.

பதில்: அம்பை வாத்தியார்

பேட்டைத் தம்பிக்கு முதலில் ஒரு வார்த்தை. ஒலி ஒத்துப்போனால் மட்டும் உறவு ஆகிவிடாது. இங்கிலீஷில் சொல்லின் முதலில் ஃப நிற்கிற இடத்தில், அதன் தூரத்துச் சொந்தக்கார மொழிகளில் ப நிற்கும். சமஸ்கிருதத்தில் பிதா என்கிற இடத்தில் அவன் ஃபாதர் என்கிறான், பாதம் என்கிற இடத்தில் ஃபுட் என்கிறான். இரண்டும் நாம் அங்கிருந்து வாங்கிக்கொண்ட சொற்கள். அதே கணக்கில் ஃபாலுக்குச் சொந்தம் லித்துவேனிய மொழியில் 'புல்தி' என்று ப-வில் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷில் 'ஃபெயல்லன்', ஜெர்மனில் இன்றைக்கும் 'ஃபாலன்'. விழு இந்தக் குடும்பத்தில் வராது. வருத்தப்படாதீர்கள், நம்ம விழுவுக்கு அதைவிட நல்ல கதை உண்டு, கீழே சொல்கிறேன்.

தையல்கடைத் தங்கச்சிக்கு: 34 வருஷம் இங்கிலீஷ் நடத்தினவன் நான். உங்கள் மகள் மார்க் விட்ட இடம்தான் இந்தச் சொல்லிலேயே ருசியான இடம். மனப்பாடம் பண்ணச் சொன்னது பாவம்.

தமிழில் இறங்கு, இறக்கு என்று இரண்டு வைத்திருக்கிறோம். பஸ்ஸிலிருந்து நான் இறங்கினேன், மூட்டையை இறக்கினேன். உருள், உருட்டு. தன்வினை, பிறவினை. இங்கிலீஷிலும் ஒரு காலத்தில் இந்த வசதி இருந்தது. ஃபாலோடு பின்னால் 'ய்' போல ஓர் ஒட்டைச் சேர்த்தால் 'விழச்செய்' என்று பொருள். அந்த ஒட்டு, முன்னால் இருந்த அகரத்தை எகரத்தின் பக்கம் இழுத்துவிட்டுத் தான் உதிர்ந்துபோய்விட்டது. மிஞ்சியதுதான் 'ஃபெல்', அதாவது வீழ்த்து. அதற்கு இறந்தகாலம் 'ஃபெல்டு'. மரம் தானாக விழுந்தால் 'தி ட்ரீ ஃபெல்'. ஒருவன் வெட்டிச் சாய்த்தால் 'ஹி ஃபெல்டு தி ட்ரீ'. சிட், செட் என்பதும் (உட்கார், உட்காரவை), லை, லே என்பதும் (கிட, கிடத்து) இதே அச்சில் வார்த்தவை. மகளிடம் "இறங்கு, இறக்கு மாதிரி" என்று மட்டும் சொல்லுங்கள், பிடித்துக்கொள்வாள்.

பொங்கல் எப்படி வெள்ளிக்கிழமை மேல் விழும் என்று கேட்டாளாம். தாயம் விளையாடத் தெரியுமா அவளுக்கு? கட்டையை உருட்டினால் என்ன சொல்கிறோம், தாயம் விழுந்தது என்றுதானே. நாம் வைத்ததில்லை, அதுவாக வந்து அமைந்தது. நாளும் கிழமையும் அப்படித்தான் விழுகின்றன. இந்தப் புத்தி இங்கிலீஷ்காரனுக்கு மட்டும் வந்ததில்லை. 'சான்ஸ்' என்கிறோமே, அதன் அடியில் இருப்பது விழுவதைக் குறிக்கும் 'காதெரே' என்கிற லத்தீன் சொல். பழைய பிரெஞ்சில் அது பகடை விழுவதையும் குறித்தது. 'ஆக்சிடெண்ட்' அதே வேர்தான், மேலே வந்து விழுந்தது. இலக்கணத்தில் வேற்றுமைக்கு 'கேஸ்' என்பான், அதுவும் விழுதல்தான். பெயர்ச்சொல் நேராக நிற்காமல் ஐ, கு, இன் என்று சாய்வதை ஒரு விழுதலாகக் கிரேக்கன் பார்த்தான், லத்தீன்காரன் அப்படியே பெயர்த்துக்கொண்டான். யோனாவின் பேருக்குச் சீட்டு விழுந்தது என்று பைபிளில் வருகிற இடத்தில் இங்கிலீஷிலும் 'ஃபெல்'தான். உங்களுக்கு மாதச் சீட்டு விழுந்தால் அதே கதை.

பருவத்தின் பெயர் எளிது. 1500-களில் இங்கிலாந்தில் 'ஃபால் ஆஃப் தி லீஃப்', இலை விழும் காலம் என்றார்கள். பிறகு வால் அறுந்து ஃபால் மட்டும் நின்றது. அங்கே பிரெஞ்சு வழியாக வந்த 'ஆட்டம்' அதைத் தள்ளிவிட்டது. கப்பலேறிப் போனவர்களோ பழைய சொல்லை அமெரிக்காவில் வைத்துக்கொண்டார்கள். தமிழில் இலையுதிர் காலம் என்கிறோம். இலை நமக்கு விழாது, உதிரும். மழை பெய்யும், முடி கொட்டும், விலை இறங்கும், ஆட்சி கவிழும், பொழுது சாயும். அவனுக்கு எல்லாம் ஃபால். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, இங்கிலீஷ் படிக்க வருகிற நம் பிள்ளைகளுக்கு இது பெரிய வசதி. ஒன்றைத் தெரிந்துகொண்டால் பத்துக் கதவு திறக்கும்.

கடைசியாக, 'ஃபால் இன் லவ்'. "காதலில் விழுந்தேன் என்பது தமிழே இல்லை, இங்கிலீஷிலிருந்து இறக்குமதி" என்று நானே பையன்களின் நோட்டில் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். பிறகு ஒருநாள் குறள் 1191 கண்ணில் பட்டது. "தாம்வீழ்வார் தம்வீழப் பெற்றவர் பெற்றாரே காமத்துக் காழில் கனி." தாம் விரும்புகிறவர் தம்மை விரும்பவும் பெற்றவர், கொட்டையில்லாத பழத்தைப் பெற்றவர். வீழ் என்றால் அங்கே விரும்புதல், வீழ்வார் என்றால் காதலர். அந்தப் பையன்களுக்கெல்லாம் இப்போது பேரன் பேத்தி இருக்கும். மார்க்கைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை.

பதில்: செங்கோட்டை மரக்கடை

வாத்தியார் சார் சொன்னதைத் தொழில்காரனாக ஆமோதிக்கிறேன். எங்கள் அப்பா காலத்திலிருந்து மரம் வெட்டி அறுக்கிற வேலைதான். மரத்தை வெட்டி விழத்தட்டுவது என்று சொல்வோம், வெறுமனே விழுந்தது என்று சொல்ல மாட்டோம். எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கம் அடியில் முதலில் ஒரு வெட்டுப் போட்டு, கயிறு கட்டி, அப்புறம்தான் எதிர்ப்பக்கம் கைவைக்க வேண்டும். இல்லையென்றால் அது 'ஃபெல்டு' இல்லை, சும்மா 'ஃபெல்', அதுவும் நம்ம தலைமேல்.

இன்னொன்று. செங்கோட்டை 1956 வரைக்கும் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர். தாத்தாவுக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. மலையாளத்தில் ஃபால்ஸுக்கு வெள்ளச்சாட்டம் என்பார்கள். சாட்டம் என்றால் குதிப்பு. நாமும் கிணற்றில் சாடினான் என்று சொல்கிறோமே, அதே சாடுதல்தான். அவர்கள் தண்ணீர் குதிக்கிறது, இங்கிலீஷ்காரன் தண்ணீர் விழுகிறது. பேப்பரில் நீர்வீழ்ச்சி என்று போடும்போதெல்லாம் எனக்கு யாரோ தடுக்கி விழுந்த மாதிரி இருக்கும். அருவி என்று மூன்று எழுத்து சும்மா கிடக்கிறது. ஐந்தருவி, தேனருவி, புலியருவி என்று எல்லாவற்றுக்கும் அதுதானே பெயர்.

பதில்: அம்பை வாத்தியார்

மரக்கடைக்காரர் சொன்னதும் ஞாபகம் வந்தது. தங்கச்சி கடைக்குப் பக்கத்திலேயே மேலகரம். அந்த ஊர்க் கவிராயர் திரிகூடராசப்பர் தேனருவியை விழவே விடவில்லை. திரை எழும்பி வானின் வழி ஒழுகும் என்றார். மெயின் அருவியில் பாதி வழியில் பொங்குமாங்கடல் என்கிற பாறைப் பள்ளத்துக்குள் இறங்கி, அங்கே பொங்கி, திரும்பவும் கீழே வருகிற தண்ணீரைப் பார்த்தவனுக்கு அது வெறும் உயர்வுநவிற்சியாகத் தெரியாது.

மறுமொழி: தையல்கடை, தென்காசி

எல்லாருக்கும் நன்றி. இறங்கு, இறக்கு என்று சொன்ன உடனே மகள் "அவ்ளோதானா" என்றுவிட்டாள். எனக்குத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது.

சார், சேலை ஃபால்ஸை விட்டுவிட்டீர்களே? அப்புறம் இன்னொரு சந்தேகம். எங்கள் அம்மாவுக்குப் போன மாசம் கண்ணில் புரை எடுத்தார்கள். சீட்டில் 'கேட்டராக்ட்' என்று எழுதியிருந்தது. மகள் அகராதியைப் புரட்டிவிட்டு, கேட்டராக்ட் என்றால் பெரிய அருவி என்கிறாள். ஆச்சி கண்ணுக்குள்ளும் ஃபால்ஸா என்று அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணில் கைவைக்கப் போய்விட்டாள். நிஜமா?

பதில்: அம்பை வாத்தியார்

நிஜம். கீழ்நோக்கிப் பாய்வது என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது, லத்தீனில் அருவிக்குப் பெயரானது. அந்தக் காலத்து வைத்தியர்கள் தலையிலிருந்து ஏதோ நீர் இறங்கிக் கண்மணியில் உறைந்துவிடுகிறது என்று நம்பினார்கள். அரபு வைத்திய நூல்களில் அந்த நோய்க்கு 'நீர் இறங்குதல்' என்றே பெயர். லத்தீனுக்குக் கொண்டுபோனபோது அருவிக்கான சொல்லையே வைத்துவிட்டார்கள். உண்மையில் ஒன்றும் இறங்குவதில்லை, கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ்தான் மங்குகிறது. நாமும் கண்ணில் பூ விழுந்தது, திரை விழுந்தது என்கிறோம். பார்வை போனால் எல்லா ஊரிலும் மேலேயிருந்து என்னமோ விழுந்துவிட்டது என்றுதான் தோன்றும்போல.

சேலைக்கு வருகிறேன். துணி தொங்கிப் படிகிற வாக்கை இங்கிலீஷில் ஃபால் என்பார்கள். 1600-களில் கழுத்திலிருந்து தோளில் படிகிற காலருக்கு அங்கே 'ஃபாலிங் பேண்டு' என்று பெயர். இது புத்தகத்தில் படித்தது. மற்றபடி தையல் உங்கள் இலாகா.

மறுமொழி: தையல்கடை, தென்காசி

அப்படியென்றால் எங்களுக்குத் தெரிந்ததுதான். கொசுவம் நேராக விழ வேண்டும் என்றுதான் அடியில் அந்தப் பட்டையையே அடிக்கிறோம். "கொசுவம் நல்லா விழுது" என்று தினமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், ஒருநாளும் யோசித்ததில்லை.

போர்டில் 'சேலை' என்று ஒரு வார்த்தை சேர்க்கச் சொல்லிப் பெயிண்டருக்குப் போன் போட்டேன். சீசன் முடியட்டும் என்கிறார்.

சார், உங்கள் வீட்டு ஆச்சி சேலை ஏதாவது இருந்தால் தென்காசிக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுங்கள், ஃபால்ஸ் அடித்துத் தருகிறேன், காசு வேண்டாம். ஃபால்ஸ் துணியை நீங்களே வாங்கினால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் முதல் துவைப்பிலேயே சுருங்கி, சேலை ஓரத்தை மேலே இழுத்துவிடும்.