அப்பாவின் பெட்டியில் ஒரு செம்புக்காசு: இது நடராஜரா?

பெட்டிக்காசு:
அப்பா பட்டாளத்தில் பஞ்சாப் பக்கம் இருந்தபோது வாங்கியதாம். நகைக்கடைத் தராசில் 16 கிராம் காட்டியது. ஒரு பக்கம் நீளக் கோட்டு போட்ட ஆள் நிற்கிறார், வலது கை கீழே எதையோ தொடுகிறது. மறுபக்கம் ஒருவர் காலைத் தூக்கி நிற்கிறார், தலைமுடி பறக்கிறது. அம்மா "நடராஜர்தான்" என்று விளக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். உண்மையா? ஒரே பச்சையாக இருக்கிறது, புளி போட்டுத் தேய்க்கலாமா?

பழங்காசுப் பைத்தியம்:
முதலில் புளியைக் கீழே வையுங்கள்! அந்தப் பச்சையோடு எழுத்தும் போய்விடும்.

கோட்டுக்காரர் குஷாண அரசர் கனிஷ்கர் என்றுதான் தோன்றுகிறது. கை நீட்டுவது சின்ன அக்கினி பீடத்தின் மேல். மறுபக்கத்து ஆளுக்கு எத்தனை கை என்று எண்ணுங்கள். கனிஷ்கர் காசில் சிவன் 'ஓஏஷோ' என்ற பெயரில் வருவார், பெரும்பாலும் நான்கு கையோடு. இரண்டே கை, அதில் காற்றில் உப்பிய மேலாடை என்றால் அவர் ஆடவில்லை, ஓடுகிறார். 'ஓஆடோ', ஈரானியக் காற்றுத் தெய்வம். ஓரத்தில் வட்டம், கூரை, முக்கோணம், வட்டம் என்று நான்கு கிரேக்க எழுத்து தெரிகிறதா பாருங்கள்.

எனக்கு இந்தக் காசுகளில் பிடித்ததே இதுதான். பின்பக்கம் புத்தர், நானா தேவி, சூரியன், சந்திரன் என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கும். முன்பக்கம் ராஜா மட்டும் அதே கோட்டு, அதே பூட்ஸ்.

ஊர்சுற்றி:
மதுரா அருங்காட்சியகத்தில் கனிஷ்கர் சிலை பார்த்திருக்கிறேன். தலை கிடையாது, ஆனால் கோட்டும் பெரிய பூட்ஸும் அப்படியே இந்தக் காசுதான். ஒரு சந்தேகம்: எழுத்து கிரேக்கம் என்றால் மொழியும் கிரேக்கமா?

பழங்காசுப் பைத்தியம்:
ஆரம்பக் காசுகளில் ஆமாம், 'பசிலியஸ் பசிலியோன்', அதாவது ராஜாதி ராஜா என்றே இருக்கும். அப்புறம் கனிஷ்கர் எழுத்தை வைத்துக்கொண்டு மொழியைப் பாக்திரியனுக்கு, அதாவது ஆப்கானிஸ்தான் பக்கத்துப் பழைய ஈரானிய மொழிக்கு, மாற்றிவிட்டார். கிரேக்கத்தில் 'ஷ' இல்லையே, அதற்கென்று ஓர் எழுத்தையே புதிதாகச் சேர்த்தார்கள். செம்பில் சுருக்கமாக 'ஷாவோ கனிஷ்கி', அதாவது கனிஷ்க ராஜா.

பெட்டிக்காசு:
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். கை இரண்டுதான், முக்கோணமும் தெரிகிறது! அம்மாவிடம் சொன்னேன். "வாயு பகவான்தானே, இருக்கட்டும்" என்கிறார். காசு விளக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.