நாவலுக்கும் வரலாற்றுக்கும் ஒரே மரக்கால் போதுமா?

கேள்வி: இரணியல் பயணி

நண்பர்களுக்கு வணக்கம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நாள்தோறும் ரயிலில் வேலைக்குப் போய்வரும் எனக்கு அந்தப் பயண நேரம்தான் வாசிப்பு நேரம். கடந்த இரண்டு மாதங்களில் ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ நாவல், கவிமணியின் ‘மருமக்கள்வழி மான்மியம்’ என்ற கவிதை நூல், தகழியின் ‘செம்மீன்’ நாவலுக்குச் சுந்தர ராமசாமி செய்த மொழிபெயர்ப்பு, குளச்சல் போரைப் பற்றிய ஒரு வரலாற்று நூல் ஆகிய நான்கையும் முதன்முறையாகப் படித்து முடித்தேன். ஊர் நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடும் வாசகர் வட்டத்தில் நான்குக்கும் மதிப்புரை வாசித்தபோது, ‘தலைப்புகளை இடம் மாற்றிப் போட்டாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை’ என்று மூத்த வாசகர் ஒருவர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்தால் ‘எளிய நடை’, ‘மண்ணின் மணம்’, ‘அனைவரும் படிக்க வேண்டிய நூல்’ என்ற மூன்று தொடர்களும் நான்கு உரைகளிலும் இருக்கின்றன. வகைக்கு வகை அளவுகோலை மாற்ற வேண்டுமா? இந்த ஊர்க்காரனாக இருப்பது இத்தகைய நூல்களை மதிப்பிட எனக்கு உதவுகிறதா, இடைஞ்சலாக இருக்கிறதா?

பதில் 1: விளவங்கோடு வாசகி

உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும், அதுவும் ‘புத்தம் வீட்டை’ வைத்து, என் அனுபவத்தைச் சொல்கிறேன். என் அப்பா பனையேறியவர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால்தான் இறங்குவது அக்கானியாக இருக்கும், தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும் என்பதைப் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே தெரிந்துகொண்டவள் நான். அதனால் 1964இல் வெளிவந்த இந்த நாவலை முதன்முறை படித்தபோது, பனைத்தொழிலைப் பற்றிய ஒவ்வொரு வரியிலும் பிழை இருக்கிறதா என்று தேடிக்கொண்டே போனேன். எங்கள் பேச்சு அச்சில் வந்திருக்கிறதே என்ற பூரிப்பும் கூடவே இருந்தது. படித்து முடித்தபின் சென்னையில் வளர்ந்த என் மருமகள் அதே புத்தகத்தை எடுத்துப் படித்தாள். அவளுக்கு அக்கானி என்றால் பதநீர் என்பதே தெரியாது. ஆனால் பெரிய பெண்ணாகிவிட்டாள் என்பதற்காக நாவலின் நாயகி லிஸியை வீட்டுக்குள் அடைத்துவைப்பதைப் பற்றி அவள் ஒரு மணி நேரம் பேசினாள். நான் அந்தப் பக்கங்களை, இது நம் வீடுகளில் நடப்பதுதானே என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன். பனையேறியின் மகனான தங்கராஜை லிஸி விரும்புவது ஏன் அத்தனை பெரிய விஷயமாகிறது என்பதும், எனக்கு மிகப் பழகிய செய்தி என்பதாலேயே, இரண்டாவது வாசிப்பில்தான் உறைத்தது.

ஊர்க்காரர்களிடம் இந்தக் கோளாறு உண்டு. 1966இல் வந்த சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யைப் படித்துவிட்டு, அந்த மரம் நாகர்கோவில் வேப்பமூடு ஜங்ஷனில் எந்த இடத்தில் நின்றது என்று கேட்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் நாவலைப் புரிந்துகொண்டதாக அவர்களுக்கு ஒரு நிம்மதி. நாவலுக்கு மதிப்புரை எழுதும்போது, நீங்கள் வேகமாகத் தாண்டிய பக்கங்களைத் திரும்பப் படித்துவிட்டு எழுதுங்கள், தம்பி.

பதில் 2: குளச்சல்காரர்

அக்கா சொன்னது நாவலுக்குப் பொருந்தும். வரலாற்று நூலுக்கு வரும்போது, பிழை தேடுவதுதான் மதிப்புரையாளரின் முதல் வேலை. 1741இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது, பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டி லனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவித்தார், 1777இல் இறந்த அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது என்பவையெல்லாம் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய செய்திகள். தக்கலையில் பேருந்து இறங்கினால் புலியூர்க்குறிச்சி பக்கத்தில்தான், கல்வெட்டை நேரில் போய்ப் பார்த்துவிடலாம். எங்கள் கடற்கரையில் வேறொரு கதையும் உண்டு: மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சார்த்தி வரிசையாக நிற்க, கப்பலில் இருந்தவர்கள் அதைத் துப்பாக்கிப் படை என்று நினைத்து மிரண்டார்களாம். என் தாத்தா சொல்லிக் கேட்ட கதை, எனக்கு மிகவும் பிடித்த கதை. நீங்கள் படித்த நூல் இதை எப்படிச் சொல்கிறது என்று பாருங்கள். ‘வாய்மொழியாகச் சொல்லப்படுகிறது’ என்று பிரித்துக் காட்டினால் அந்த ஆசிரியரை நம்பலாம். டச்சு ஆவணத்துக்குக் கொடுக்கும் அதே எடையை இதற்கும் கொடுத்து, எங்கிருந்து எடுத்தார் என்றும் சொல்லாமல் போனால், நடை எத்தனை நன்றாக இருந்தாலும் மதிப்புரையில் அதைச் சொல்லியே ஆக வேண்டும். சொந்த ஊரைப் புகழும் நூல் என்பதற்காக விட்டுக்கொடுக்கக் கூடாது.

பதில் 3: பறக்கை டீச்சர்

‘மான்மியத்தை’ ரயிலில் மௌனமாகப் படித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வீட்டில் நாலு பேர் இருக்கும்போது உரக்கப் படித்துப் பாருங்கள். குடும்பத் தலைவரான காரணவரின் ஐந்தாம் மனைவி தன் கதையைச் சொல்லிப் புலம்பும்போது கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும், சிரித்த பிறகு கொஞ்சம் கூச்சமும் வரும். சொத்து சகோதரியின் மகனான மருமகனுக்குப் போகும் வழக்கத்தையும், அதை மாற்ற 1926இல் வந்த நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தையும் விளக்குவதோடு பெரும்பாலான மதிப்புரைகள் நின்றுவிடுகின்றன. அதற்குச் சட்டப் புத்தகமே போதும், கவிமணி வேண்டியதில்லை.

விளவங்கோடு வாசகியோடு ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். ‘செம்மீனை’ மதிப்பிட ஊர்க்காரராக இருப்பது பெரிய உதவி. மலையாளம் காதில் விழுந்தே வளர்ந்த நமக்கு, மொழிபெயர்ப்பாளர் எந்த இடத்தில் மூலத்தின் சொல்லை அப்படியே விட்டார், எந்த இடத்தில் தமிழாக்கினார் என்பது மற்றவர்களைவிட எளிதாகப் பிடிபடும்.

இரணியல் பயணி

மூவருக்கும் நன்றி. ‘புத்தம் வீடு’ பற்றிய உரையின் முதல் பத்தியை நேற்று இரவு மாற்றி எழுதினேன்: ‘இந்த நாவலில் எங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்டு மகிழ்ந்துகொண்டே, லிஸி வெளியே வர முடியாமல் இருப்பதைக் கவனிக்காமல் நாற்பது பக்கங்களைக் கடந்துவிட்டேன். என் அக்காவின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றபோதும் வீட்டில் யாரும் கவனித்ததாக நினைவில்லை.’ ‘மண்ணின் மணம்’ தானாகவே போய்விட்டது. குளச்சல் நூலில் துடுப்புக் கதை இருக்கிறது, அடிக்குறிப்பு இல்லை. அதை அப்படியே எழுதப்போகிறேன். ‘செம்மீன்’ உரையை மட்டும் நிறுத்திவைத்திருக்கிறேன். பாறசாலையில் ஏறும் நண்பர் ஒருவர் திங்கட்கிழமை மலையாளப் பிரதியைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.