மைதா இல்லாமல் கேக், பிரெட்: எங்கே தொடங்குவது?

புதுஅடுப்பு கேட்டது:

என் மகளுக்கு சீலியாக்னு டாக்டர் உறுதியா சொல்லிட்டார், அதாவது கோதுமையில இருக்கிற குளூட்டன்ங்கிற புரதம் குடலைப் பாதிக்கிற நோய். வீட்ல பேக்கிங் என் வேலைதான், அவளும் பக்கத்துல நின்னு மாவு சலிச்சுக் கொடுப்பா. அதை நிறுத்த எனக்கு மனசு வரலை. மைதா இருக்கிற இடத்துல அதே அளவு அரிசி மாவு போட்டால் சரியா வருமா? எல்லா ரெசிபியிலயும் சாந்தன் கம்னு, மாவைப் பிடிச்சு வைக்கிற ஒரு பொடி வருதே, அது கட்டாயமா? அவளுக்கு உயிரே பிரெட்தான், அதனால அதுலேயே தொடங்கலாம்னு பார்க்கிறேன்.

மாவுக்கை:

பிரெட்டைக் கொஞ்சம் தள்ளி வைங்க, தோழி. முதல்ல கேக். காரணம் சொல்றேன்.

கோதுமை மாவைப் பிசையும்போது குளூட்டன் வலை மாதிரி பின்னிக்கும். ஈஸ்ட் விடுற காற்றை அந்த வலைதான் பிடிச்சு வைக்குது. பிரெட் முழுக்க அதை நம்பித்தான் நிக்குது. கேக்குல அந்த வேலையில பெரும்பங்கு முட்டையோடது. குளூட்டன் போனாலும் கேக் நிக்கும், பிரெட் நிக்காது. பாதாம் மாவு, முட்டை, சர்க்கரை மட்டும் வச்சே அருமையான கேக் வரும், கம் எதுவும் வேண்டாம். பாதாம் சீக்கிரம் சிவக்கும், அதனால 160 டிகிரி செல்சியஸ்ல பொறுமையா விடுங்க.

அரிசி மாவு மட்டும் போட்டால் நறநறன்னு இருக்கும், ஆறினதும் உதிரும். கூட ஸ்டார்ச் சேரணும். நான் கலக்கிறது 200 கிராமுக்கு: நைசான அரிசி மாவு 120, உருளைக்கிழங்கு ஸ்டார்ச் 50, மரவள்ளி ஸ்டார்ச் 30. கேக்குக்கு இதோட அரை டீஸ்பூன் சாந்தன் கம் போதும். கூடினால் பிசுபிசுன்னு ரப்பர் மாதிரி ஆயிடும். கலவையை அரை மணி நேரம் மூடி வச்சிட்டு அப்புறம் பேக்கிங் பவுடர் சேர்த்து அவன்ல வைங்க. அரிசி மாவு ஈரத்தை மெதுவாத்தான் இழுக்கும், அந்த நறநறப்பு பெரும்பாலும் இந்த ஓய்வுலயே போயிடும். பலரும் இதை விட்டுடறாங்க, அதான் எனக்கு வருத்தம்.

இன்னொண்ணு, கப்பை மறந்துடுங்க. ஒரு கப் ஸ்டார்ச்சும் ஒரு கப் பாதாம் மாவும் ஒரே எடை கிடையாது. வேற எதையும் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தராசு வாங்குங்க.

வெந்தயம்:

மாவுக்கை சொன்னதெல்லாம் சரி. ஆனா அதுக்கும் முன்னாடி சமையலறையைப் பாருங்க. மகள் மாவு சலிப்பாள்னு எழுதியிருக்கீங்க. அந்தச் சல்லடையை இனி அவளுக்குப் பயன்படுத்தாதீங்க, கண்ணிகள்ல கோதுமை மாவு ஒட்டியே இருக்கும். மரக்கரண்டி, டோஸ்டர் எல்லாம் தனியா இருக்கட்டும். வீட்ல மைதா பேக்கிங் தொடர்ந்தா மாவுத்தூசி பறந்து வந்து அவ உணவுல படியும். என் கருத்து, பேக்கிங் மொத்தத்தையும் குளூட்டன் இல்லாததா மாத்திடுங்க.

லேபிளையும் படிங்க. "கோதுமை இல்லை"ன்னு இருந்தா மட்டும் போதாது, பார்லியிலயும் ரைங்கிற தானியத்துலயும் குளூட்டன் இருக்கு. மால்ட்னு எழுதியிருந்தா அது பெரும்பாலும் பார்லிதான். ஓட்ஸ் வயல்லயும் மில்லுலயும் கோதுமையோட கலந்துடும், "குளூட்டன் ஃப்ரீ"ன்னு அச்சிட்டது மட்டும் எடுங்க, அதுவும் டாக்டரைக் கேட்டுட்டு. பல நாடுகள்ல அந்த வார்த்தைக்கு வரம்பு, ஒரு கிலோ உணவுல 20 மில்லிகிராம் குளூட்டன்.

பெற்றோரும் கூடப்பிறந்தவங்களும் ரத்தப் பரிசோதனை செஞ்சுக்கிறது நல்லது. அது முடியும்வரை அவங்க கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்திட்டா நோய் இருந்தும் பரிசோதனையில நோய் இல்லைன்னு வரலாம்.

புதுஅடுப்பு:

ரொம்ப நன்றி. எங்க ரெண்டு பேருக்கும் பரிசோதனை பத்தி யாரும் சொல்லவே இல்லை, டாக்டர்கிட்ட கேட்கிறேன். சல்லடை நாளைக்கே புதுசு. மாவுக்கை, கேக் கைக்கு வந்ததும் பிரெட்டுக்கு வருவேன், அதையும் இப்பவே சொல்லி வச்சிடுங்களேன்!

மாவுக்கை:

பிரெட்டுக்கு சாந்தனை விட எனக்கு இசப்கோல் உமிதான் பிடிக்கும். 400 கிராம் மாவுக் கலவைக்கு 20 கிராம் உமி. முதல்ல அதைத் தண்ணியில கலந்து கூழாக விடுங்க, அந்தக் கூழ்தான் குளூட்டனுக்குப் பதிலா காற்றைப் பிடிக்கும். தண்ணி கிட்டத்தட்ட மாவோட எடை அளவுக்கே போகும். கோதுமை மாவைப் பார்த்துப் பழகின கைக்கு இது தளர்வாத் தெரியும், பயந்து மாவு அள்ளிக் கொட்டாதீங்க. அடிச்சுப் பிசையவும் வேண்டாம், ஒரே தடவை பொங்கினால் போதும், நேரா டின்லயே பொங்க விடுங்க.

வெந்ததைக் கண்ணால நம்பாதீங்க. நடுவுல தெர்மாமீட்டர் குத்தினால் 97 டிகிரி பக்கம் காட்டணும். சூட்டோட வெட்டினால் உள்ளே பசையா இருக்கும், முழுசா ஆறட்டும். ஸ்டார்ச் கூடுதலா இருக்கிறதால மறுநாளே இறுகிடும், ஃப்ரிட்ஜ்ல வச்சா இன்னும் வேகமா இறுகும். ஆறின அன்னைக்கே துண்டு போட்டு ஃப்ரீஸர்ல வச்சிடுங்க, மகள் கேட்கும்போது அவளுக்குன்னு வச்சிருக்கிற டோஸ்டர்ல நேரா போட்டுக் கொடுக்கலாம்.