6746328388800-க்கு 10,080 காரணிகள்: கையால் எப்படிக் கண்டுபிடித்தார் ராமானுஜன்?

பெரம்பூர் டியூஷன்
பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். ராமானுஜனின் 1915 கட்டுரையில் ஒரு பட்டியல், அதில் கடைசி எண் 6746328388800, கிட்டத்தட்ட ஆறே முக்கால் லட்சம் கோடி. அதற்கு 10,080 காரணிகளாம், அதைவிடச் சின்ன எண் எதற்கும் அத்தனை கிடையாதாம். கம்ப்யூட்டர் இல்லாமல் இதை எப்படிச் சொல்ல முடிந்தது? பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி யாராவது விளக்குங்களேன்.

அல்லிக்கேணிக்காரன்
எண்ணுவது சுலபம் சார். பகா எண்களாகப் பிரித்தால் 2-க்கு அடுக்கு 6, 3-க்கு 4, 5-க்கும் 7-க்கும் 2, அப்புறம் 11, 13, 17, 19, 23 தலா ஒன்று. ஒரு காரணியில் 2 ஒரு தடவைகூட வராமல் இருக்கலாம், ஆறு தடவை வரைக்கும் வரலாம், ஆக 7 வழி. 3-க்கு 5 வழி, 5-க்கும் 7-க்கும் மும்மூன்று, மீதி ஐந்துக்கும் இரண்டிரண்டு. 7×5×3×3×32, அவ்வளவுதான்.

வடபழனி வாசகி
சரி, ஆனால் கேள்வியின் கஷ்டமான பாதி இன்னும் இருக்கிறது. காரணிகளின் எண்ணிக்கை அடுக்குகளை மட்டும்தான் பொறுத்தது. 23-ஐ எடுத்துவிட்டு 29 போட்டால் எண் பெரிதாகும், காரணி ஒன்றுகூடக் கூடாது. அதனால் பகா எண்கள் 2-லிருந்து இடைவெளி இல்லாமல் வர வேண்டும், அடுக்குகள் போகப்போக ஏறவே கூடாது. இந்த இரண்டு நிபந்தனையிலேயே கோடிக்கணக்கான எண்கள் கழிந்துவிடும்.

மிச்சம் இருப்பவற்றில்தான் உண்மையான வேலை. 23-ஐக் கழற்றினால் வருவது 293318625600, அதற்கு 5,040 காரணிகள். அதை 16-ஆல் பெருக்கினால் 7,920 ஆகிறது, 20-ஆல் பெருக்கினாலும் 22-ஆல் பெருக்கினாலும் 8,640, ஆனால் 23-ஆல் பெருக்கினால் நேராக இரண்டு மடங்கு. இதுவே முழு நிரூபணம் ஆகாது, மற்ற பகா எண்களையும் இப்படிக் கழற்றி மாட்டிப் பார்க்க வேண்டும். எந்த அடுக்கு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு வரம்புகளை நிறுவியதுதான் அந்தக் கட்டுரையின் சாதனை என்பேன். 4, 36 என்ற இரண்டு எண்களைத் தவிர, இந்த வகை எண்களில் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1 என்பதையும் அதில்தான் நிரூபித்தார்.

ராயபுரம் கணக்கு
வாசகி சொன்ன 293318625600-உம் இதே வகை எண்தான், அதைவிடச் சின்ன எண் எதற்கும் அத்தனை காரணிகள் கிடையாது, ஆனால் ராமானுஜன் பட்டியலில் அது விடுபட்டிருக்கிறது! 10,080-உம் இதே வகை, அதற்கு 72 காரணிகள். நம் ஊர்த் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவருக்கு 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம் கொடுத்தது இந்த ஆராய்ச்சிக்குத்தான். ராமானுஜன் என்றால் எல்லோரும் அந்த டாக்ஸி எண் 1729-ஐயே சொல்கிறோம், இதைச் சொல்வதில்லை என்று எனக்கு வருத்தம் உண்டு.

பெரம்பூர் டியூஷன்
மூவருக்கும் நன்றி. 1729-க்கு எட்டே காரணிகள்தான், அதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பிரிக்கச் சொல்லப் போகிறேன்.

அல்லிக்கேணிக்காரன்
அதற்கு முன்னால், 1 முதல் 28 வரை எதால் வகுத்தாலும் மீதி வராது என்று சொல்லி அவர்களையே வகுக்க விடுங்கள் சார். 29-ல்தான் மாட்டும்.