கையாடிய பணத்தைத் திருப்பிக் கட்டியவரைச் சபை எப்படி ஏற்க வேண்டும்?

கேள்வி (சபை அங்கத்தினர், தூத்துக்குடி மாவட்டம்)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையில் பொருளாளராக இருந்த அண்ணன் ஒருவர், அறுப்பின் பண்டிகையில் சபையார் படைத்த பொருட்களை ஏலம் விட்டுச் சேர்ந்த பணத்தில் ஒரு பகுதியைத் தம் வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டார். தணிக்கையில் அது வெளிப்பட்டதும் பொறுப்பை விட்டு விலகி, நிலத்தை ஒற்றிவைத்து முழுத்தொகையையும் கட்டியதோடு, கமிட்டியார் முன்பு மன்னிப்பும் கேட்டார். சில மாதங்களுக்குப் பிறகு இப்போது குடும்பத்தோடு ஆராதனைக்கு வருகிறார். ஆனால் அவர்கள் அமரும் வரிசையில் வேறு எவரும் அமர்வதில்லை. சமாதானம் கூறும் வேளையில் அவர் நீட்டும் கையைக் கண்டும் காணாதவர்போல் சிலர் திரும்பிக்கொள்கிறார்கள். அன்பு காட்டினால் தவறை லேசாக எடுத்துக்கொண்டதாகிவிடாதா என்று பெரியவர்கள் கேட்கும்போது, எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில் (ஓய்வுபெற்ற உபதேசியார்)

தம்பி, பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தை முழுமையாக வாசிக்கச் சொல்லுங்கள். சபையாரால் தண்டிக்கப்பட்ட ஒருவனைக்குறித்து, அந்தத் தண்டனையே போதும், அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி மன்னித்து ஆறுதல் செய்யுங்கள் என்று இரண்டாம் அதிகாரத்தில் கேட்டுக்கொள்ளுகிற அதே பவுல், எட்டாம் அதிகாரத்தில் எருசலேம் பரிசுத்தவான்களுக்கான தர்மப்பணத்தைப் பற்றிப் பேசும்போது, ஒருவரும் குற்றம் சொல்ல இடமில்லாதபடி தம் உடன் ஊழியனாகிய தீத்துவோடு வேறு சகோதரரையும் சேர்த்தே அனுப்புகிறார். ஆகவே அந்த அண்ணனிடம் காணிக்கைப் பெட்டிச் சாவியை மறுபடியும் கொடுக்க வேண்டியதில்லை. கையைக் கொடுக்காமல் இருப்பதற்குத்தான் வேதத்தில் ஆதாரமில்லை.

பதில் (ஒரு சகோதரி, நாகர்கோவில்)

அவருடைய மனைவியையும் பிள்ளைகளையும் பற்றி ஒருவரும் பேசவில்லையே என்பது என் மனதை வருத்துகிறது. பணத்தைத் தொடாத அந்த அக்காவும் ஆளில்லாத வரிசையில்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்? பெண்கள் ஐக்கியச் சங்கத்தார் இரண்டு பேர் அவர்கள் வீட்டுக்குப் போய், நடந்ததைக் கிளறாமல், ஜெபித்துவிட்டு, அடுத்த கூட்டத்துக்குக் கூடவே அழைத்து வரட்டும்.

பதில் (கமிட்டி உறுப்பினர் ஒருவர்)

உபதேசியார் ஐயா சொல்வது சரியே. ஆயினும் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். முதற்பலனாக ஒரு வாழைத்தாரையும் ஒரு கோழியையும் படைத்துவிட்டு, மற்றவர் படைத்ததைத் தம் கூலிப்பணத்தைக் கொண்டு ஏலம் எடுத்தவர்களும் அந்தச் சபையில் இருப்பார்கள். அவர்களுடைய மனத்தாங்கல் நியாயமானது; அவர்களைக் கடினமனமுள்ளவர்கள் என்று கண்டிப்பது கிருபை ஆகாது. தொகை முழுவதும் வந்து சேர்ந்ததைக் கமிட்டியார் சபைக்கு வெளிப்படையாக அறிவித்தார்களா? அறிவிக்காவிட்டால், பணம் இன்னும் வரவில்லை என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

கேட்டவரின் மறுமொழி

ஐயா, அறிவிக்கவில்லை. கமிட்டிக் குறிப்பேட்டில் மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. வருகிற ஞாயிறு அறிவிப்பில் இதை வாசிக்க அனுமதிக்குமாறு எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் இன்றே கேட்கிறேன். அக்கா சொன்னதைப் பற்றி வீட்டில் பேசினேன். நாங்கள் அந்த வரிசையிலேயே அமர்வதாக முடிவுசெய்திருக்கிறோம்.