ஓடிபி யார் போனுக்கு வருகிறது?

தேனியிலிருந்து:
பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் அண்ணன்கள் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். ஒருவர் துபாய், ஒருவர் பெங்களூரு. ஸ்கேன் ரிப்போர்ட், மருந்துச் சீட்டு, பிசியோதெரபி வீடியோ எல்லாம் அதில்தான் ஓடும். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் புண் வரும் என்று துபாய் அண்ணன் எங்கோ தேடி எடுத்துப் போட்டார். சரியான தகவல்தான். ஆனால் புரட்ட வேண்டிய பெரியம்மா குழுவிலேயே இல்லை. அவரிடம் இருப்பது பட்டன் போன். நான் நேரில் போய்ச் சொன்னபோது, "அதான் முதுகெல்லாம் செவந்து கெடக்கா?" என்றார். அந்தச் சிவப்பு அதுவரை குழுவில் யாருக்கும் தெரியாது. இப்போது அண்ணன் அந்த பட்டன் போனுக்கே கூப்பிட்டுப் பேசுகிறார்.

திருச்சியிலிருந்து:
நவம்பர் வந்தாலே எங்கள் வீட்டில் ஒரே பாடு. மாமனார் மத்திய அரசு ஓய்வூதியர், மறதிநோய் வேறு. ஓய்வூதியர் உயிரோடு இருக்கிறார் என்று வருஷா வருஷம் சான்று கொடுக்க வேண்டும். அதை டிஜிட்டலாகக் கொடுக்கும் ஜீவன் பிரமாண் 2014-இல் வந்தபோது கைரேகை கேட்டது. வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும், மெஷின் ஏற்காது. 2021-இல் முகத்தைக் காட்டினால் போதும் என்றார்கள். நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் கேமரா முன்னால் கண்ணைச் சிமிட்ட வேண்டும். "மாமா, கண்ணைச் சிமிட்டுங்க" என்றால் என்னை முறைப்பார்! எல்லாப் பதிவிலும் இருப்பது சென்னைக் கொழுந்தனாரின் நம்பர். ஓடிபி அங்கே போகும், அவர் மீட்டிங்கில் இருப்பார். கடைசியில் போஸ்ட்மேன்தான் வீட்டுக்கு வந்து பொறுமையாக முடித்துக் கொடுத்தார். கட்டணம் 70 ரூபாய்.

விழுப்புரத்திலிருந்து:
2021 மே மாதம் 18 முதல் 44 வயதுக்காரர்கள் கொரோனா தடுப்பூசிக்கு அரசின் கோவின் தளத்தில் பதிந்தாக வேண்டும். அதில் தமிழ் ஜூனில்தான் வந்தது. எங்கள் தெருவில் ஒரு பெண், படுக்கையில் கிடந்த பாட்டியைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரில் வந்தாலே ஊசி என்ற சலுகை, எழுந்து நடக்க முடியாத பாட்டிக்கு. நடக்கக்கூடிய பேத்திக்கு ஸ்லாட் வேண்டும். அவரிடம் ஸ்மார்ட்போனே கிடையாது. எதிர்வீட்டுக் கல்லூரிப் பையன் ராத்திரி முழித்திருந்து பிடித்துக் கொடுத்தான்.

அப்புறம், தேனிக்காரரே, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பெரியம்மாவிடம் மருத்துவ ஆலோசனைக்கான 104 எண்ணையும் சொல்லி வையுங்கள், பட்டன் போனிலேயே கூப்பிடலாம்.