விவேக் மரணமும் ஊசி பயமும்: ஃபார்வர்டைத் தடுத்திருந்தால் போதுமா?

தெற்குவாசல்:
2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கோவாக்சின் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17ஆம் தேதி விடிவதற்குள் போய்விட்டார். ஊசி போடும் படம், அதற்குக் கீழே மரணச் செய்தி, அவ்வளவுதான் வாட்ஸ்அப் ஃபார்வர்டு. மீதியைப் பார்ப்பவரே முடித்துக்கொள்வார். இந்த மாதிரி பதிவுகளை அன்றைக்கே முடக்கியிருந்தால் பாதிப் பயம் பரவியிருக்காது.

பழையசிரிஞ்ச்:
இரண்டு படமும் உண்மைதானே சார், எந்தக் காரணம் சொல்லி முடக்குவீர்கள்? நான் குறை சொல்வது பதிலை. அவர் மயங்கி விழுந்த அன்றே "தடுப்பூசிக்குச் சம்பந்தமில்லை" என்று அறிவித்தாயிற்று. ஆனால் தடுப்பூசிக்குப் பின் வரும் பாதிப்புகளை ஆராயும் மத்திய ஏ.இ.எஃப்.ஐ. குழு விசாரித்து "தற்செயல்" என்று வகைப்படுத்திய செய்தி அக்டோபரில்தான் வந்தது. முடிவு முதலில், விசாரணை பிறகு என்றால் எவன் நம்புவான்?

தெற்குவாசல்:
முக்கிய ரத்தக்குழாயில் 100% அடைப்பு, ஒரே நாளில் அப்படி வராது என்று டாக்டர்களே விளக்கினார்களே!

பழையசிரிஞ்ச்:
அது பாதி விளக்கம். கொழுப்பு சேர வருடக்கணக்காகும். அது வெடித்து மேலே ரத்தம் உறைய நிமிடங்கள் போதும். இதைத் தேடிப் படித்தவனுக்கு "மறைக்கிறார்கள்" என்றுதான் தோன்றும். அடுத்து "தடுப்பூசி ரத்த உறைவு" என்று தேடுவான். அஸ்ட்ராஜெனெகா ஊசிக்கும் ஓர் அரிய ரத்த உறைவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஏப்ரல் 7 அன்று ஐரோப்பிய மருந்து முகமை சொன்னது கண்ணில் படும். அது அடினோவைரஸ் என்ற வேறொரு வைரஸை வாகனமாக்கிய வகை, நம் கோவிஷீல்டும் அதேதான். அந்த அரிய உறைவில் ரத்தத்தின் தட்டணுக்களும் குறையும், பெரும்பாலும் சில நாள் கழித்தே வரும். கோவாக்சினோ செயலிழக்கச் செய்த வைரஸ். முதல் நாளே சொல்ல வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். சொல்லாததால் ஒன்றின் செய்தியை இன்னொன்றின் தலையில் கட்டிவிட்டார்கள்.

குளிர்ப்பெட்டி:
இருவரும் 2021லேயே நிற்கிறீர்கள். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பிறகு 4 குழந்தைகள் இறந்தன. அப்போது வாட்ஸ்அப்பே கிடையாது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் வந்தபோது வதந்திக்கு நிலம் உழுதே கிடந்தது. 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லோருக்கும் என்றதும் "ஏற்கெனவே போட்டாச்சே, மறுபடி எதற்கு?" என்று பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 9 மாதத்தில் போட்டால் சுமார் 15% குழந்தைகளுக்கு எதிர்ப்பாற்றல் உருவாவதில்லை, யார் அந்த 15% என்று முகத்தைப் பார்த்துத் தெரியாது. இந்த ஒரு வரி வீடுகளுக்குப் போவதற்குள் ஃபார்வர்டு போய்விட்டது. பிப்ரவரியில் முடிய வேண்டிய முகாமை மார்ச்சுக்கு நீட்டினார்கள்.

தெற்குவாசல்:
ஆக, வாட்ஸ்அப் நிரபராதி!

குளிர்ப்பெட்டி:
அப்படிச் சொல்லவில்லை தோழர். பயத்துக்குக் கையில் பிடித்துக் காட்டக்கூடிய பதில் வேண்டும் என்கிறேன். எம்.ஆர். என்கிற தட்டம்மை-ரூபெல்லா மருந்து பொடியாக வரும், அதே கம்பெனியின் கரைப்பானில்தான் கலக்க வேண்டும். கலந்த குப்பியில் பதனப்பொருள் இல்லை. 4 மணி நேரம் தாண்டினால் கிருமி வளரலாம், மிச்சம் எத்தனை டோஸ் இருந்தாலும் வீசிவிட வேண்டும். பெற்றோர் கேட்க வேண்டியவை: குப்பியில் திறந்த நேரம் எழுதியிருக்கிறதா? உடைக்கும் முன் மூடியிலுள்ள வட்டத்தைக் காட்டுங்கள், உள்ளே இருக்கும் சதுரம் வெளுப்பாக இருக்கிறதா? வெளிவட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் சூடு பட்ட மருந்து, வேண்டாம். சிரிஞ்ச் உறையைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள்.

தெற்குவாசல்:
வரிசையில் நூறு பேர் நிற்கும்போது நர்ஸம்மா ஒவ்வொருவருக்கும் சதுரமும் வட்டமும் காட்டுவாரா?

குளிர்ப்பெட்டி:
குப்பி ஒன்றில் 10 டோஸ். உடைக்கும்போது அந்தப் பத்துப் பேரின் தாய்மாரையும் கூப்பிட்டு ஒருமுறை காட்டினால் போதும். நூறு பேருக்குப் பத்து தடவை.

பழையசிரிஞ்ச்:
அதையே 20 விநாடி வீடியோவாக எடுத்து ஊர் குரூப்பில் போடச் சொல்லுங்கள். தெற்குவாசல் சார் முடக்கச் சொன்ன அதே குரூப்பில்.